சிவப்பு மைக்கு என் நன்றி

இந்த அவைக்குத் தலைமை தாங்கும், நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட எங்கள் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே! மேடையை நிறைத்து வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே! பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காகத் தங்கள் பசியைத் தள்ளிப்போட்டு, தங்கள் ஆசையைத் தள்ளிப்போட்டு, இன்று இந்த அரங்கத்தைப் பெருமையோடு நிரப்பியிருக்கும் தாய்மார்களே! தந்தைமார்களே! கடைசி வரிசையில் உட்கார்ந்தால் என் கண்ணில் பட மாட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் என் அருமைத் தம்பிகளே, தங்கைகளே! ஓடுகிற பேருந்தில் பின்படியில் தொங்கியவனையே பார்த்துப் பிடித்தவள் நான். உங்களைப் பார்க்க மாட்டேனா? மூன்றாம் வரிசையின் ஓரத்தில், 'வீட்ல பேசறது போதாதா, மேடை வேறயா?' என்ற முகத்தோடு அமர்ந்திருக்கும் என் கணவர் அவர்களே!

இத்தனை பேருக்கும் மேலாக, இதோ என் வலப்பக்கத்தில், தலையைக் குனிந்து மேசைவிரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருக்கிறாரே, வருகிற வாரம் வேறொரு பல்கலைக்கழகத்தின் படியேறப் போகிறாரே, வயதில் என் மகன், வகுப்பில் என் ஆசான், அந்தப் பேராசிரியர் அவர்களே! அனைவருக்கும் இந்த மூத்த மாணவியின் முதல் வணக்கம்.

என்னை இந்த மேடையில் நிறுத்தியது என் தகுதியல்ல, என் தொண்டை. விழாக் குழுவில் யாரைப் பேசச் சொல்வது என்று விவாதம் நடந்ததாம். "அக்காவைப் பேசச் சொல்லுங்க, கரண்ட் போனாலும் கடைசி வரிசைக்குக் கேக்கும்" என்று ஒரு தம்பி முடித்துவைத்தானாம். உண்மைதான்! பேருந்தின் பின்படியில் நின்றுகொண்டு முன்படிக்குக் கட்டளையிட்ட தொண்டை இது. "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு" என்று, இல்லாத இடத்தை இருக்கிறது என்று சாதித்த தொண்டை. தொழிற்சங்கக் கூட்டங்களில், டிப்போ வாசலில், வெயிலிலும் மழையிலும் முழங்கிய தொண்டை. நான் ஒரு பேருந்து நடத்துநர். கண்டக்டர் என்று சொன்னால்தான் எனக்கே என்னைத் தெரியும்.

பணி ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்கள். காலமெல்லாம் கடிகாரத்தோடு மல்லுக்கு நின்றவளுக்கு, இனி நேரமே பார்க்க வேண்டாம் என்கிற நாளில் கடிகாரம்! சிரிக்காதீர்கள், உங்களுக்கும் அதைத்தான் தரப்போகிறார்கள். அதைச் சுவரில் மாட்டினேன். அதன் எதிரே உட்கார்ந்தேன். ஒரு வாரம் தாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை. வேலைக்கு நடுவே அஞ்சல்வழியில் படித்து வாங்கிய இளங்கலைப் பட்டம் ஒன்று பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எழுப்பினேன்.

"நான் எம்.ஏ. படிக்கப் போறேன்" என்றேன் கணவரிடம். அவர் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் சந்தேகப்படுகிறவர்.

"இந்த வயசுலயா?"

"வேற எந்த வயசு என்கிட்ட இருக்கு?"

அத்தோடு பேச்சு முடிந்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பார்கள். நான் ஐம்பதையும் தாண்டிய பிறகு வளையப் போனவள்! முதுகு ஒத்துழைக்கவில்லை, மூளை ஒத்துழைத்தது.

முதல் நாள். வகுப்பறைக்குள் நுழைகிறேன். அத்தனை பிள்ளைகளும் படாரென்று எழுந்து நின்று, "குட் மார்னிங் மேடம்!" எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, நேராகப் போய் முதல் பெஞ்சில் நானும் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேயறைந்த மாதிரி நின்றார்கள். பின்னாலேயே இவர் வந்தார். தோளில் ஒரு துணிப்பை, கையில் சாக்பீஸ், வேலைக்குச் சேர்ந்து அப்போதுதான் ஓராண்டு நிறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பதறிப்போய்க் கைகூப்பினார்.

"வணக்கம்மா. பேரண்ட்ஸ் எல்லாம் ஆபீஸ்ல உக்காரணும்மா. நீங்க யாரோட அம்மா?"

"நான் என் பையனோட அம்மா சார். அவன் வேலைக்குப் போயிட்டான். இங்க படிக்க வந்தது நான்."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால், அன்பார்ந்த பெரியோர்களே, அன்று அவர் வாயிலிருந்து வந்த அந்த 'அம்மா' என்ற சொல் இருக்கிறதே, அதுதான் எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு வருடம் சுவராக நின்றது. அன்பான சொல், அழகான சொல், ஆனால் வகுப்பறைக்குள் எனக்கு அது ஆகாத சொல்லாகிப் போனது. எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

இவரிடம் கட்டுரை கொடுத்தால் திரும்பி வரும்போது தாள் சிவந்து வரும். இது இந்தத் துறையில் படித்த எல்லோருக்கும் தெரியும். என்ன, பின்வரிசை? தெரியுமா தெரியாதா? பாருங்கள், தலையாட்டுகிறார்கள். வரிக்கு வரி கோடு. ஓரமெல்லாம் கேள்வி. 'யார் சொன்னது?' 'எங்கே படித்தீர்கள்?' 'இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?' பிள்ளைகள் தாளை வாங்கிக்கொண்டு வராந்தாவில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் என் தாள்? வெள்ளை வெளேரென்று வரும்! கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு வரி: 'மிக நன்று அம்மா.'

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் போய்த் தாளை விரித்துக் கணவரிடம் காட்டுவேன். "பாருங்க, ஒரு கீறல் உண்டா? புது வண்டி மாதிரி இருக்கு!" அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். "ஓடாத வண்டியிலயும் கீறல் இருக்காது" என்பார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு பெண். வாய் மூடாது, அதனால் வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பேர். (அதோ கை தட்டுகிறாளே, அவளேதான். உட்காரு கண்ணு, உன் கதைக்குத்தான் வருகிறேன்.) ஒரு முறை நானும் அவளும் சேர்ந்து ஒரு பயிற்சி செய்தோம். பெண் நடத்துநர்கள் பாதியில் வேலையை விடுவதைப் பற்றிய பட்டியல் அது. தாங்களாகவே வேலையை விட்டுப் போனவர்கள் ஒரு பத்தியிலும், நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியவர்கள் வேறொரு பத்தியிலும் இருந்தார்கள். நாங்கள் இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, 'இத்தனை பேர் வேலையை வெறுத்துப் போனார்கள்' என்று எழுதிவிட்டோம். அவளும் எழுதினாள், நானும் எழுதினேன், வார்த்தைக்கு வார்த்தை ஒரே வாக்கியம்.

தாள் திரும்பி வந்தது. ரேடியோவின் தாளில் அந்த வாக்கியத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'முழுத் தவறு. துரத்தப்பட்டவள் வெறுத்துப் போனவள் ஆவாளா?' என் தாளில் அதே வாக்கியத்துக்குப் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு டிக்! அதன் கீழே, 'நல்ல கூர்மை அம்மா.'

ரேடியோ இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பெண் சத்தம் குறைத்துப் பேசினாள். "அக்கா... சார் உங்களுக்கு மார்க் போடல. மரியாதை போட்டிருக்காரு."

என் அன்பான அவையே! அந்த நிமிடம் என் மனம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் இங்கே எதற்கு வந்தேன்? மரியாதை வேண்டும் என்றால் வீட்டில் இருக்காதா? உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் நாற்காலி போட மாட்டார்களா? நான் படிக்க வந்தேன்! என் காலமெல்லாம் என்னைச் சுற்றி நடந்ததைப் புரிந்துகொள்ள வந்தேன். தவறு செய்யவும் திருத்தப்படவும் உரிமை கேட்டு வந்தேன். இப்படியே போனால் கடைசியில் ஒரு பட்டம் கிடைக்கும், அதைச் சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி குத்துமே! இது படித்து வாங்கிய பட்டமா, வயசுக்குப் போட்ட பொன்னாடையா?

நேராக அவர் அறைக்குப் போனேன். உங்களுக்கெல்லாம் தெரிந்த அறைதான். இரும்பு அலமாரியும், கை ஒடிந்த நாற்காலியும், ஆட்டம் போடும் மின்விசிறியும், அதற்குப் பயந்து ஆய்வேடுகளின் மேல் வைத்த கல்லும். இரண்டு தாளையும் மேசையில் போட்டேன்.

"இது என்ன சார்?"

பார்த்தார். முகம் மாறிவிட்டது. மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"அம்மா... என்ன சொல்றதுன்னு தெரியல. உங்க தாளை எடுத்தாலே எங்கம்மா ஞாபகம் வருதும்மா. உங்க வயசுதான் அவங்களுக்கும். தப்புன்னு எழுதப் போனா கை வரமாட்டேங்குது. நீங்க வாழ்ந்து பார்த்ததை எழுதறீங்க, நான் புத்தகத்துல படிச்சவன். நான் எப்படிம்மா உங்களைத் திருத்த முடியும்?"

எவ்வளவு நல்ல மனம்! பெற்ற தாய் பூரித்துப் போயிருப்பாள் அந்த வார்த்தையைக் கேட்டு. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று மூன்றாம் வரிசையில் ஒருவர் சாட்சி சொல்வார்.

"சார், நான் பார்த்த வேலை உங்களுக்குத் தெரியும். என் பஸ்ல வயசானவங்க ஏறினா என்ன செய்வேன் தெரியுமா? சின்னப் பசங்களை எழுப்பிவிட்டு உக்கார இடம் வாங்கித் தருவேன். கையைப் பிடிச்சு ஏத்துவேன், கையைப் பிடிச்சு இறக்குவேன். ஆனா டிக்கெட் கேக்காம விட்டதே இல்ல. வயசுக்கு மரியாதை உக்கார்ற இடத்தோட முடிஞ்சுது சார். டிக்கெட் எல்லாருக்கும் ஒண்ணுதான். நீங்க எனக்கு உக்கார இடம் குடுத்துட்டீங்க, ரொம்ப நன்றி. இனிமே டிக்கெட் கேளுங்க."

 அவர் என் தாளைத் தன் பக்கம் இழுத்தார். அந்த 'மிக நன்று'வை அடித்தார். அந்த டிக்கை அடித்தார். "உக்காருங்க" என்றார். பின்னால் 'அம்மா' வரவில்லை. அன்றுதான் நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன் என்று சொல்வேன்.

தட்டுங்கள், தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்! ஆனால் அடுத்து நடந்ததைக் கேட்டுவிட்டுத் தட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த தாள் வந்தது பாருங்கள், ஐயோ! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று அன்றுதான் தெரிந்தது. மேலிருந்து கீழ்வரை சிவப்பு. 'அலங்காரம் இருக்கிறது, ஆதாரம் இல்லை.' 'கைதட்டலுக்காக எழுதிய வரி.' 'இது மேடை அல்ல.' மேடை அல்லவாம்! என்னிடம் போய்! நான் தாளைச் சுருட்டி எறிந்தேன். அடுக்களையில் பாத்திரங்களை உருட்டினேன். "மீசை முளைச்சு நாலு நாள் ஆகல, என்னைச் சொல்றாரு பாருங்க, அலங்காரமாம்!" என்று கத்தினேன். கணவர் சுருட்டிய தாளை எடுத்து, மடியில் வைத்து நீவிவிட்டு, "கேட்டு வாங்கினது நீதானே?" என்றார். அப்புறம் என்ன செய்வது? உட்கார்ந்து திருத்தினேன்.

இப்படித்தான் வந்தது ஆய்வேடு எழுதும் காலம். பெண் நடத்துநர்கள் ஏன் பாதியில் வேலையை விடுகிறார்கள்? இதுதான் என் தலைப்பு. எனக்குப் பதில் தெரியாதா என்ன? என் கண் முன்னால் போனவர்கள்தானே அத்தனை பேரும்! குடும்பத்துக்காகப் போனார்கள். பிள்ளை, மாமியார், கணவன், இதுதான் காரணம். போகும்போது அவர்களே சொன்னார்கள், என் காதால் கேட்டேன். மளமளவென்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அத்தியாயம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு கேள்விதான் போட்டிருந்தார்: 'போன பிறகு அவர்களைக் கேட்டீர்களா?'

"சார், நான் கூடவே வேலை பார்த்தவ."

"நீங்க பார்த்தது உண்மை. அதை நான் மறுக்கல. ஆனா உங்க கண்ணுக்குப் படாதது ஏதாவது இருந்தா, அதை நீங்க எப்படி எழுதுவீங்க?"

முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். முதலில் பார்த்தது என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தியை. இப்போது ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறாள். மிஷினை மிதித்துக்கொண்டே பேசினாள். குடும்பத்துக்காகத்தானே விட்டாய் என்று கேட்டேன். காலை எடுத்தாள், மிஷின் நின்றது.

"இல்லக்கா. கடைசி டிரிப்புதான் காரணம். ஊரையெல்லாம் வீட்ல இறக்கிவிட்டு, வண்டியைக் கொண்டுபோய் டிப்போல விட்டதுக்கப்புறம், என் வீட்டுக்கு எந்த பஸ்க்கா இருந்துச்சு? நடந்தே போவேன். பின்னாடி யாராவது வர்றாங்களான்னு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டு."

"அப்ப குடும்பக் காரணம்னு ஏண்டி சொன்னே?"

"அப்படிச் சொன்னா யாரும் அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்கக்கா. நீங்களும் கேக்கலியே?"

பெரியோர்களே! தாய்மார்களே! எனக்கு ஏன் அது தெரியவில்லை? என் வீடு டிப்போவின் பின்சுவரை ஒட்டி இருந்தது! பையை ஒப்படைத்துவிட்டு, வாசலைக் கடந்து திரும்பினால் என் கதவு. ஊரையே வீடு சேர்த்தவளுக்கு வீடு போய்ச் சேர வழியில்லை என்பது, டிப்போவுக்குப் பின்னாலேயே குடியிருந்தவளுக்கு எப்படித் தெரியும்? ஒருத்தி சொன்னாள், அடுத்தவள் சொன்னாள், அதற்கும் அடுத்தவள் சொன்னாள். வேறு வேறு வீடு, வேறு வேறு வாழ்க்கை, ஒரே பதில். நான் எழுதிய அத்தியாயம் என் கையிலேயே பொய்யாகிப் போனது.

ஆனால் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அப்போது நம் தலைவர் அம்மையார் என் மேல் இரக்கப்பட்டு, இவரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள், "இருக்கறதையே வாங்கிக்குங்க. இந்த வயசுல இவ்வளவு பண்ணதே பெருசு, பாஸ் ஆயிடும்." அம்மா, நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்பினால் சொன்னீர்கள், எனக்குத் தெரியும், அதனால்தான் மேடையிலேயே சொல்கிறேன். இவர் என்னிடம் வந்து எதையும் மறைக்காமல் சொன்னார்.

"பழசைக் குடுத்தா நிச்சயம் பாஸ். புதுசா எழுதினா நாள் போதாது. வெளியிலிருந்து வர்ற தேர்வாளர் கறாரானவர். அரைகுறையா இருந்தா ஃபெயில் போட்டுடுவாரு, நான் குறுக்கே வர மாட்டேன். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"நீங்க என்ன சொல்றீங்க சார்?"

"இதே கேள்வியை ரேடியோ கேட்டிருந்தா என்ன சொல்லுவேனோ அதைத்தான் உங்களுக்கும் சொல்லுவேன். புதுசா எழுதுங்க."

எழுதினேன்! பகலெல்லாம் எழுதினேன். மணிக்கட்டு வீங்க எழுதினேன். நான் எழுத எழுத இந்த ரேடியோ கணினியில் தட்டச்சு செய்தாள். அவள் பேசிக்கொண்டே செய்ததால் இரண்டு பத்தி தொலைந்தும் போனது. சாயங்காலம் துறையில் எல்லோரும் போன பிறகும் இவர் அந்தக் கை ஒடிந்த நாற்காலியில் இருப்பார். ஒரு பக்கம் போகும், சிவந்து வரும். திருத்திக் கொடுப்பேன், மறுபடி சிவந்து வரும். டீ ஆறிப்போகும், குடிக்க மாட்டார். தனக்கென்று எழுத வேண்டிய கட்டுரை ஒன்றை அந்த மாதம் அவர் தள்ளிப்போட்டார் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. எந்தப் பேராசிரியருக்கு ஐயா இது தலையெழுத்து? செய்யாமல் விட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

வந்தது வாய்மொழித் தேர்வு. நீலத் திரை போட்ட அந்தக் கருத்தரங்க அறை. மேசைமேல் தண்ணீர்க் குடுவை. வெளித்தேர்வாளர் காலையிலிருந்து பிள்ளைகளைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பையன் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றான். என் முறை வந்தது. உள்ளே போய் நின்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தக் கறாரான முகம் அப்படியே கனிந்தது.

"வாங்கம்மா. நிக்காதீங்க, உக்காருங்க. இந்த வயசுல இவ்வளவு எழுதினதே பெரிய விஷயம். சும்மா ஒண்ணு ரெண்டு கேக்கறேன், போதும்."

அறையில் இருந்த பிள்ளைகளெல்லாம் மகிழ்ந்தார்கள். ரேடியோ கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எனக்கு மட்டும் மகிழ்ச்சி இல்லை. போச்சு! எதற்காக இத்தனை நாள் போராடினேனோ, அது கடைசி வாசலில் வந்து கையைவிட்டு நழுவுகிறது. நானே எப்படிச் சொல்வது, என்னைக் கஷ்டமாகக் கேளுங்கள் என்று? சொன்னால் திமிர் என்பார்கள். சொல்லாவிட்டால் அதே பொன்னாடை. இவரைப் பார்த்தேன்.

நாற்காலி நகரும் சத்தம். இவர் எழுந்து நின்றுவிட்டார்! யார்? என் தாளில் ஒரு கோடு போடக் கை வராமல் உட்கார்ந்திருந்தாரே, அதே மனிதர். தன்னைவிடப் பெரிய பேராசிரியரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"சார், மன்னிக்கணும். காலையிலிருந்து மத்தவங்களை எப்படிக் கேட்டீங்களோ, அப்படியே இவங்களையும் கேளுங்க. இவங்க என் மாணவி. பதில் சொல்லுவாங்க."

'என் மாணவி!' கேட்டீர்களா? அம்மா இல்லை, அம்மையார் இல்லை, பெரியவர்கள் இல்லை. என் மாணவி! எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ பட்டம் கொடுத்திருக்கிறார்கள், சங்கத்தில் சிங்கம் என்றுகூட எழுதி ஒட்டினார்கள். இந்த ஒரு சொல்லுக்கு ஈடாகுமா அவையெல்லாம்?

தேர்வாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கேட்கத் தொடங்கினார். அடேயப்பா! "நீங்களே கண்டக்டர். உங்க ஆளுங்களுக்குச் சாதகமாத்தான் எழுதியிருப்பீங்க. உங்களை எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க சார். நான் முதல்ல நினைச்சது என்ன, அது எப்படித் தப்பாப் போச்சுன்னு மூணாவது அத்தியாயத்துல இருக்கு. என்னை மறுத்து அவங்க சொன்னதை ஒரு வரி விடாம வெச்சிருக்கேன். அதைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க."

கேள்விமேல் கேள்வி. தண்ணீர்க் குடுவை காலியாகிவிட்டது. கடைசியாகக் கேட்டார், "ராத்திரி வீட்டுக்குப் போக பஸ் இல்லாதது ஆம்பளை கண்டக்டருக்கும்தானே? அவங்களும் இதனால வேலையை விட்டிருக்காங்களா?"

மேடையாக இருந்தால் அரை மணிநேரம் முழங்கியிருப்பேன். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தெரியாது சார். நான் அவங்களைக் கேக்கல. கேக்காம சொல்ல மாட்டேன்."

 இவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தார், இப்போது குனிந்திருக்கிறாரே, இதே மாதிரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் தாளில் கையெழுத்துப் போட்டார். "காலையிலிருந்து இந்த அறையில முதல் தடவையா 'தெரியாது'ங்கிற பதிலைக் கேட்டேன். பாஸ்" என்றார்.

வெளியே வந்தோம். ரேடியோ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாசலில் காத்திருந்த கணவர் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். இவர் வந்தார். வாழ்த்துச் சொல்லப் போகிறார் என்று நான் நிமிர்ந்து நின்றேன். என்ன சொன்னார் தெரியுமா?

"அந்தக் கடைசிக் கேள்வி நியாயமான கேள்வி. நாம யோசிச்சிருக்கணும். பைண்டிங் கொடுக்கறதுக்கு முன்னாடி அதைக் கேட்டு எழுதிச் சேர்த்துடுங்க."

பாஸான பிறகும் திருத்தம்! சிரிக்கிறீர்கள். நான் அன்று வராந்தாவில் நின்று சிரித்துக்கொண்டே அழுதேன்.

இப்போது எங்கள் டிப்போவில், கடைசி டிரிப் முடிந்ததும் ஒரு வேன் புறப்படுகிறது. பெண் நடத்துநர்களை அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் திரும்புகிறது. அது என் ஆய்வேட்டால்தான் வந்தது என்று பீற்றிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் சொல்ல மாட்டேன். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், ஆதாரம் கேட்பார்! சங்கம் கேட்டது, நிர்வாகம் இசைந்தது, என் ஆய்வேட்டின் பிரதியும் அந்த மேசைமேல் இருந்தது. அவ்வளவுதான் எனக்கு உறுதியாகத் தெரியும். அவ்வளவு போதும்.

மாணவச் செல்வங்களே! தாள் சிவந்து வந்தால் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் தாளின் முன் ஒருவர் உட்கார்ந்து, உங்கள் வரியை உங்களைவிட அதிக நேரம் படித்திருக்கிறார் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? பேராசிரியப் பெருமக்களே! எங்களிடம் இரக்கம் காட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. காட்டுங்கள். உட்கார இடம் கொடுங்கள், பசித்தால் கேளுங்கள், அழுதால் தண்ணீர் கொடுங்கள். ஆனால் எங்கள் தவறை எங்களிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். ஏழை என்று விடாதீர்கள், எளியவள் என்று விடாதீர்கள், வயதானவள் என்று விடாதீர்கள். விட்டுவிட்டால் நாங்கள் பட்டத்தோடு போவோம், படிப்பில்லாமல் போவோம்!

ஐயா, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். மேசைவிரிப்பைப் பிய்த்தது போதும், அது துறையின் சொத்து. என்னைப் பெற்றவர்கள் எனக்கு உயிர் கொடுத்தார்கள், என் வேலை எனக்குச் சோறு கொடுத்தது. 'எனக்குத் தெரியாது' என்று நிமிர்ந்து நின்று சொல்லும் துணிச்சலை நீங்கள் கொடுத்தீர்கள். இந்த நன்றியை எப்படிச் சொல்வது என்றுதான் பேச்சு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். இப்போதும் கிடைக்கவில்லை. அதனால் நன்றிக்குப் பதிலாக ஒரு கட்டளை இடுகிறேன். மாணவி கட்டளை இடலாமா? வயது இருக்கிறது, இடுகிறேன்!

நீங்கள் போகிற பல்கலைக்கழகத்திலும் ஒருநாள் காலையில், நரைத்த தலையோடு ஒருத்தி முதல் பெஞ்சில் வந்து உட்காருவாள். கையெழுத்து கோணலாக இருக்கும். கோபம் நிறைய வரும். உங்கள் அம்மா சாயலில்கூட இருப்பாள். அவளைப் பார்த்து உங்கள் பேனா தயங்கக் கூடாது. முதல் நாளே, முதல் தாளிலேயே, அவள் செய்த முதல் தவறைச் சுற்றி வட்டம் போடுங்கள். அவள் வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டட்டும், உங்களைத் திட்டித் தீர்க்கட்டும். மறுநாள் வருவாள். நான் வந்தேனே!

பொறுமையோடு கேட்ட இந்தப் பேரவைக்கும், கைக்கடிகாரத்தைக் கழற்றியே வைத்துவிட்ட தலைவர் அம்மையாருக்கும், சொல்லச் சொல்லத் தட்டிய கைகள் அனைத்துக்கும் என் உளமார்ந்த நன்றி. போய் வாருங்கள் ஐயா! உங்கள் மாணவி சொல்கிறேன், வணக்கம்!